தாய்நாட்டின் பெயர் தாங்கிய கட்சிகள்: ஓர் இறையியல் திறனாய்வு

நாட்டுப்பற்று நற்பண்பு என்பதில் ஐயமில்லை. பிறந்த மண்ணையும், பேசும் மொழியையும், உடன்வாழும் மக்களையும் நேசிப்பது படைப்பின் ஒழுங்கிற்கு உட்பட்டதே. தம் இனத்தாருக்காகத் தாமே கிறிஸ்துவினின்று பிரிக்கப்படவும் மனம் இசைந்த பவுலடியாரும் (ரோமர் 9:3), எருசலேம் நகரைக் கண்டு கண்ணீர் வடித்த ஆண்டவரும் (லூக்கா 19:41) இதற்குச் சான்று. ஆகவே நாட்டுப்பற்று வேண்டுமா, வேண்டாமா என்பது இக்கட்டுரையின் வினா அன்று. ஓர் அரசியல் கட்சி நாட்டின் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொள்ளும்போது நிகழ்வது யாது? அவ்வேளையில் திருச்சபை என்ன செய்தது? என்ன செய்திருக்க வேண்டும்? இவையே நம் வினாக்கள்.

தந்தையர்நாட்டுக் கட்சி, தேசியக் கட்சி, தேசபக்த முன்னணி என்னும் பெயர்கள் பல நாடுகளின் வரலாற்றில் காணப்படுகின்றன. இவை யாவும் ஒரே கொள்கை உடையன அல்ல. ஆதிக்கத்தைக் காக்க எழுந்தன சில. அடிமைத்தளையை அறுக்க எழுந்தன சில. எனினும் இவற்றிற்குப் பொதுவான ஓர் இடர் உண்டு. கட்சி என்பது ஒரு பக்கம். நாடு என்பது எல்லாப் பக்கங்களும் சேர்ந்த முழுமை. பகுதியானது முழுமையின் பெயரைத் தனதாக்கிக் கொண்டால், எஞ்சிய பகுதிகள் பெயரற்றுப் போகின்றன. அவற்றைச் சேர்ந்தோர் மாற்றுக் கருத்துடைய உடன்குடிகளாக அல்ல, அந்நியராகவோ துரோகிகளாகவோ எண்ணப்படுகின்றனர்.

1. கொரிந்துவின் நான்காம் முழக்கம்

இந்நோய் திருச்சபைக்குப் புதிதன்று. 1 கொரிந்தியர் 1:12இல் பவுலடியார் நான்கு முழக்கங்களைக் குறிப்பிடுகிறார். பவுலைச் சேர்ந்தோர், அப்பொல்லோவைச் சேர்ந்தோர், கேபாவைச் சேர்ந்தோர் என மூன்று பிரிவினர் உளர். நான்காவது பிரிவினர் தாங்கள் கிறிஸ்துவைச் சேர்ந்தவர்கள் என்கின்றனர். இத்தகைய நான்காம் பிரிவு உண்மையில் இருந்ததா என்பதில் விரிவுரையாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் வசனத்தின் போக்கு தெளிவானது. மேலோட்டமாக நோக்கின் நான்காம் பிரிவினர் கூறுவதே சரியானது. எல்லாரும் கிறிஸ்துவுக்குரியவர்கள் அல்லரோ? எனினும் பவுல் அவர்களைப் பாராட்டவில்லை. கிறிஸ்து பங்கிடப்பட்டாரோ என்னும் அவருடைய வினா நால்வரையும் ஒருசேர நிறுத்துகிறது. எல்லாருக்கும் உரிய பெயரை ஒரு சாரார் பிறருக்கு எதிரான முழக்கமாக்கும்போது, உண்மையே பொய்யாகத் திரிகிறது. கிறிஸ்துவின் திருப்பெயருக்கே இது பொருந்துமாயின், நாட்டின் பெயருக்கு இது எவ்வளவு அதிகமாய்ப் பொருந்தும்!

2. ஜெர்மனி: 1917 முதல் 1933 வரை

இவ்வுண்மையை விளக்கும் சிறந்த எடுத்துக்காட்டு ஜெர்மானியத் தந்தையர்நாட்டுக் கட்சி. முதல் உலகப் போரின் மூன்றாம் ஆண்டு முடிந்து, மக்கள் பசியாலும் சாவாலும் சோர்ந்திருந்த காலம் அது. 1917 ஜூலை 19இல் ஜெர்மானியப் பாராளுமன்றத்தின் பெரும்பான்மையினர், பிறர் நிலத்தைக் கவராத ஓர் இணக்க சமாதானத்தை நாடித் தீர்மானம் நிறைவேற்றினர். அதனை எதிர்த்து, கடற்படைத் தலைவராயிருந்த திர்பிட்ஸ் என்பாரும் காப் என்னும் உயர் அலுவலரும் 1917 செப்டம்பர் 2இல் கோனிக்ஸ்பர்க் நகரில் இக்கட்சியைத் தோற்றுவித்தனர். 1870இல் பிரான்சை வென்ற செடான் போரின் நினைவுநாளையே இதற்குத் தெரிந்தெடுத்தனர்.

தங்கள் அமைப்பு பிற கட்சிகளைப் போன்ற கட்சி அன்று என்றே அவர்கள் கூறினர். அது தேர்தலில் வேட்பாளரை நிறுத்தாது. கட்சி வேறுபாடுகளுக்கு அப்பால் நாட்டன்பர் அனைவரையும் ஒன்றிணைக்கும். சமாதானம் வந்தவுடன் கலைந்துவிடும் என்றனர். கேட்பதற்கு இது பெருந்தன்மையாகத் தோன்றும். ஆனால் அதன் நோக்கங்களோ ஒரு சாராருக்கே உரியவை. பிறர் நிலங்களைக் கைப்பற்றும்வரை போரைத் தொடர வேண்டும். உள்நாட்டில் மக்களாட்சிச் சீர்திருத்தங்களைத் தடுக்க வேண்டும் என்பன அவை. 1918இல் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட உறுப்பினர் தமக்கு உண்டென அக்கட்சி பறைசாற்றிற்று. கட்சி அன்று என்ற கட்சியே கட்சிகளுள் மிகக் கடுமையான கட்சியாயிற்று. சமாதானம் விரும்பினோர் யாவரும் நாட்டைக் காட்டிக்கொடுப்போர் எனத் தூற்றப்பட்டனர்.

இதில் சீர்திருத்தத் திருச்சபையின் பங்கு நமக்குக் கவலை தருவதாகும். இதற்கு முன்னரே, 1915இல், பெர்லின் இறையியற் பேராசிரியர் ரைன்ஹோல்ட் சேபெர்க் முன்னின்று, பிறர் நிலங்களை இணைத்துக்கொள்ள வேண்டும் எனும் விண்ணப்பத்திற்கு 1347 பேரின் கையொப்பம் பெற்று அரசுக்கு அளித்தார். பின்னர் போன்ஹோஃபரின் முனைவர்ப் பட்ட ஆய்வை நெறிப்படுத்தியவர் இவரே. கோட்ஃபிரீட் ட்ரௌப் என்னும் போதகரின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. தாராளக் கொள்கையுடைய இவர், உடன்போதகர் ஒருவருக்காகப் பரிந்து பேசியமையால் 1912இல் பிரஷ்யத் திருச்சபையால் பதவி நீக்கம் செய்யப்பட்டார். மனச்சான்றின் உரிமைக்காக அன்று துன்புற்றவர், போர்க்காலத்தில் தந்தையர்நாட்டுக் கட்சியில் முனைந்து நின்றார். 1920 மார்ச்சில் குடியரசைக் கவிழ்க்கக் காப் செய்த கலகத்திலும் பங்குகொண்டார். ஆகவே இவ்விடரைப் பழமைவாத இறையியலின் தவறு என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. இறையியலில் தாராளம் இருப்பதால் மட்டுமே அரசியல் மயக்கத்தினின்று எவரும் தப்புவதில்லை.

மாற்றுக் குரல்கள் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. 1917 அக்டோபரில், சீர்திருத்தத்தின் நானூறாம் ஆண்டு விழாவையொட்டி, பெர்லின் போதகர் ஐவர் பகை நாடுகளின் கிறிஸ்தவர்களையும் சகோதரராக ஏற்று, இணக்க சமாதானத்தை வேண்டி அறிக்கை வெளியிட்டனர். அந்நகரின் உடன்போதகர்களுள் பலர் அதற்கு மறுப்பறிக்கை வெளியிட்டனர். போர்வீரரின் கைகளைத் தளரப்பண்ணுகிறான், மக்களின் நலத்தைத் தேடுகிறான் அல்லன் என எரேமியாவின்மேல் பிரபுக்கள் சாட்டிய குற்றம் (எரேமியா 38:4) அங்கு மீண்டும் ஒலித்தது. இறையியலாளர் எர்ன்ஸ்ட் ட்ரொல்ச் முதலியோர் 1917ஆம் ஆண்டின் இறுதியில் விடுதலைக்கும் தந்தையர்நாட்டிற்குமான மக்கள் கூட்டமைப்பு ஒன்றை நிறுவினர். அவர்கள் தந்தையர்நாடு என்னும் சொல்லை எதிராளிக்கு விட்டுக்கொடுக்கவில்லை. விடுதலை என்னும் சொல்லோடு அதை இணைத்து, அதன் பொருளை மீட்க முயன்றனர். அம்முயற்சி போற்றத்தக்கது, எனினும் மக்களை ஈர்க்கும் வலிமையில் அது பின்தங்கியது.

போர் தோல்வியில் முடிந்ததும், 1918 டிசம்பரில் தந்தையர்நாட்டுக் கட்சி கலைந்தது. ஆனால் அது விதைத்த விதை கலையவில்லை. அதன் ஆதரவாளர் பலர் ஜெர்மானியத் தேசிய மக்கள் கட்சியில் சேர்ந்தனர். போதகர் பலரும் அதனையே ஆதரித்தனர். அதன் உறுப்பினராயிருந்த ஆன்டன் டிரெக்ஸ்லர் என்னும் தொழிலாளி 1919 ஜனவரியில் மியூனிக் நகரில் ஒரு சிறு கட்சியைத் தொடங்கினார். அதுவே பின்னர் ஹிட்லரின் நாத்சிக் கட்சியாயிற்று. 1914 ஆகஸ்ட் 4இல் போர்த் தொடக்கத்தின்போது அரசவைப் போதகர் டிரையாண்டர் ரோமர் 8:31ஐக் கொண்டு அருளுரை ஆற்றினார். 1933 மார்ச் 21இல், ஹிட்லர் ஆட்சியின் புதிய பாராளுமன்றம் தொடங்கிய நாளில், ஒட்டோ திபேலியஸ் அதே வசனத்தின்மேல் பாட்ஸ்டாமில் அருளுரையாற்றினார். அவ்வுரையில் அரசுக்கு எச்சரிக்கையும் இருந்தது என்பதை மறுத்தல் நேர்மையன்று. எனினும் கடவுள் நம் பக்கம் எனப் பவுல் கூறியபோது, குற்றஞ்சாட்டப்பட்டு உலகின் முன் நிற்கும் சிறுமந்தையைக் குறித்தே கூறினார். அந்த 'நம்' என்னும் சொல் இருமுறையும் ஒரு நாட்டையும் அதன் படையையும் குறிக்கலாயிற்று.

3. பார்மன் அறிக்கையின் நிறையும் குறையும்

1934 மே 29 முதல் 31 வரை பார்மனில் கூடிய அறிக்கைத் திருச்சபையின் மாமன்றம் வெளியிட்ட இறையியல் அறிக்கையை இப்பின்னணியில் படித்தல் வேண்டும். இயேசு கிறிஸ்துவே கடவுளின் ஒரே வார்த்தை என்னும் முதற்கூற்றை நம் மாணவர் நன்கறிவர். ஐந்தாம் கூற்றோ போதிய கவனம் பெறுவதில்லை. நீதியையும் சமாதானத்தையும் காப்பது அரசின் பணி என்று ஒப்புக்கொண்டு, அரசு தன் எல்லையைக் கடந்து மனித வாழ்வு முழுவதற்குமான ஒரே ஒழுங்காக மாறலாம் என்னும் கொள்கையை அது மறுக்கிறது. திருச்சபையும் அரசின் உறுப்பாக மாறலாகாது என்கிறது. பகுதி முழுமையாகத் தன்னை உயர்த்தும் பாவத்தை இவ்வளவு துல்லியமாகச் சுட்டிய அறிக்கைகள் சிலவே.

எனினும் இவ்வறிக்கைக்குப் பெருங்குறை ஒன்றுண்டு. முழுமையின் பெயரைப் பறித்தவர்களை அது கண்டித்தது. அப்பெயரினின்று துரத்தப்பட்டவர்களை அது குறிப்பிடவில்லை. நாட்டின் எல்லைக்குள் வாழ்ந்தும் நாட்டினர் அல்லர் என ஒதுக்கப்பட்ட யூதரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அறிக்கையை வரைந்தவருள் முதன்மையான கார்ல் பார்த் தாமே 1967இல் இதனைத் தம் குற்றமாக உணர்வதாக எழுதினார். கோட்பாடு சரியாயிருந்தும், வாயிற்படியில் நிற்கும் மனிதன் கண்ணுக்குத் தெரியாமற் போகலாம் என்பது நாம் கற்கவேண்டிய பாடம்.

4. தென்னாப்பிரிக்காவும் சாம்பியாவும்

பார்மன் விட்ட இடத்தைத் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் நிரப்பின. அங்கு தேசியக் கட்சி 1914இல் தோன்றியது. 1934இல் அதனின்று பிரிந்தோருக்குத் தலைமை தாங்கிய டி. எஃப். மலான் டச்சு சீர்திருத்தச் சபையின் முன்னாள் போதகர். 1948இல் அவர்தம் கட்சி எதிரணியைவிடக் குறைந்த வாக்குகளே பெற்றும் ஆட்சியைப் பிடித்தது. அத்தேர்தலில் நாட்டின் பெரும்பான்மையோரான கறுப்பின மக்களுக்கு ஏறத்தாழ வாக்குரிமையே இல்லை. தேசியம் என்னும் பெயர் தாங்கிய கட்சி, தேசத்தின் பெரும்பான்மையோரைத் தேசத்திற்கு வெளியே நிறுத்திற்று! அக்கட்சியே ஜெபத்திற்குக் கூடினால் அதுதான் டச்சு சீர்திருத்தச் சபை என்று மக்கள் ஏளனம் செய்தனர்.

அச்சபையினுள்ளிருந்தே பேயர்ஸ் நாடே எழுந்தார். இவருடைய தந்தையார் ஆஃப்ரிக்கானர் சகோதரக் கழகத்தை நிறுவியவருள் ஒருவர். இவரும் அதன் உறுப்பினராயிருந்தவர். 1960இல் ஷார்ப்வில் படுகொலை இவர் உள்ளத்தை உலுக்கிற்று. 1963இல் கிறிஸ்தவ நிறுவனத்தின் பொறுப்பா, சபையின் பீடமா என்று தெரிந்துகொள்ள நேர்ந்தபோது, அப்போஸ்தலர் 5:29இன்மேல் அருளுரையாற்றிப் பீடத்தை விட்டிறங்கினார். 1977 முதல் ஏழாண்டுகள் அரசு அவருக்குத் தடையுத்தரவு விதித்தது. 1982இல் வரையப்பட்டு 1986இல் ஏற்கப்பட்ட பெல்ஹார் அறிக்கை, ஒருமை, ஒப்புரவு, நீதி ஆகிய மூன்றையும் பிரிக்கவொண்ணாதவாறு இணைத்து, ஒடுக்கப்பட்டோரின் அருகில் கடவுள் நிற்கிறார் என அறிக்கையிட்டது. பார்மனில் இல்லாத மனிதன் பெல்ஹாரில் முகங்காட்டுகிறான்.

சாம்பியாவின் நிலை வேறு. அங்கு 2001இல் மைக்கேல் சாட்டா நிறுவிய தேசபக்த முன்னணி 2011இல் தேர்தல் வழியாகவே ஆட்சிக்கு வந்தது. 2021இல் தேர்தல் வழியாகவே ஆட்சியை இழந்தது. ஏற்கெனவே 1991இல் கிறிஸ்தவ நாடு என அறிவிக்கப்பட்டிருந்த சாம்பியாவில், அம்முன்னணியின் ஆட்சி 2015இல் அக்டோபர் 18ஐத் தேசிய ஜெபநாளாக்கிற்று. பின்னர் சமய விவகாரங்களுக்கென அமைச்சகமும் ஏற்படுத்திற்று. அதே ஆட்சியில், 2017 ஏப்ரலில், எதிர்க்கட்சித் தலைவர் இச்சிலேமா இராஜத்துரோகக் குற்றச்சாட்டில் சிறைப்பட்டார்; நான்கு மாதங்களுக்குப்பின் விடுவிக்கப்பட்டு, 2021இல் அவரே குடியரசுத் தலைவரானார். ஜெபத்தின் மிகுதி நீதியின் அளவுகோல் ஆகாது என்பதை ஆமோஸ் முன்பே கூறிவிட்டார். தேசபக்தர் எனப் பெயர் கொண்டோருக்கு எதிராளி துரோகியாகத் தோன்றுவது எவ்வளவு எளிது என்பதும் இங்கு விளங்கும்.

5. அருளுரைப் பீடத்தின் கடமை

நம் தமிழ்த் திருச்சபையும் இவ்வரலாற்றிற்குத் தொலைவில் இல்லை. முதல் உலகப் போரில் லைப்சிக் மிஷனரிமார் பகைநாட்டார் எனப்பட்டு நம்மிடையினின்று அகற்றப்பட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற பணியைச் சுவீடன் நாட்டு மிஷனரிமார் தாங்கினர். 1919 ஜனவரி 14இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. கிறிஸ்துவின் உடல் கொடிகளின் எல்லையில் முடிவதன்று என்பதை நம் முன்னோர் பட்டறிவால் கண்டனர்.

ஆகவே நாட்டின் பெயரால் எக்கட்சி நம் வாயிலில் வந்து நின்றாலும், போதகர் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. இவர்கள் கூறும் 'நாம்' என்பதற்குள் வராதவர் யார்? இவர்களை மறுப்போருக்கு இவர்கள் சூட்டும் பெயர் யாது? தம் நாட்டின் பாவத்தை அறிக்கையிட இவர்களிடம் சொல் உண்டா? மூன்றாவது வினாவே மிக முக்கியமானது. இஸ்ரவேலின் தீர்க்கர் தம் நாட்டை நேசித்தமையாலேயே அதன் பாவத்தை எடுத்துரைத்தனர். மனந்திரும்ப இடமில்லாத நாட்டுப்பற்று விக்கிரக வழிபாடாக முடியும்.

சபையார் பல கட்சியினராயிருப்பர், இருத்தலும் வேண்டும். கட்சி அரசியலில் பங்குகொள்வது குடிமக்களின் கடமை. அதனின்று அவர்களை விலக்குவது நம் வேலை அன்று. நம் வேலை, எக்கட்சியையும் கட்சியாகவே, ஒரு பக்கமாகவே, காண அவர்களுக்குக் கற்பிப்பது. இரு கட்சியினரும் அருகருகே முழங்காற்படியிட்டு ஒரே அப்பத்தில் பங்குபெறும் திருவிருந்துப் பீடத்தைக் காப்பது. தேர்தல் நாளில் எதிரெதிரே நின்றவர்கள் அடுத்த ஞாயிறன்று அங்கே ஒருவரையொருவர் துரோகி என்று எண்ணாமல் வரக்கூடுமானால், அச்சபை தன் நாட்டிற்குச் செய்யத்தக்க பெருந்தொண்டைச் செய்ததாகும்.