தகரக் கூரைக்குக் கீழே வீணை: ஸூம் எச்1 எசென்ஷியல் எதைக் கேட்கிறது?

ஜப்பானின் ஸூம் நிறுவனம் 2024இல் வெளியிட்ட எச்1 எசென்ஷியல் என்ற கையடக்க ரெக்கோர்டரின் விளம்பரம் முழுவதும் ‘32 பிட் ஃப்ளோட்’ என்ற ஒரே சொல்லைச் சுற்றித்தான். சத்தம் எவ்வளவு திடீரென்று கூடினாலும் பதிவு உடையாது, ஒலியளவு வைக்கும் திருகே வேண்டியதில்லை என்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் நுவரெலியாவிலோ ஹட்டனிலோ ஒரு தோட்ட வீட்டில் வீணையைப் பதிய உட்காருபவருக்கு ஒலி உடைவது ஒரு பிரச்சினையே கிடையாது. வீணை மெல்லப் பேசும் வாத்தியம். அதன் பகை கூரையில் விழும் மழை, தந்தியை முறுக்கும் பிரடையில் ஏறும் ஈரம், நாலு பக்கமும் நேருக்கு நேர் நிற்கும் வெறுஞ்சுவர். இந்த மூன்றையும் 32 பிட் தொடக்கூட முடியாது. அப்படியிருந்தும் இந்தக் கருவியை வாங்கலாம் என்றே சொல்வேன். விளம்பரம் சொல்லும் காரணம் மட்டும் வேறு, என் காரணம் வேறு.

மலையகத்தில் வீணையா, அங்கே தப்புப் பறையல்லவா வாத்தியம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பெரட்டு எனும் காலை ஆள்கணக்குக்குக் கூப்பிட்டதும், காமன் கூத்தை நடத்தியதும், சாவு வீட்டில் ஒலித்ததும் தப்புதான்; அதில் தகராறில்லை. ஆனால் இலங்கைப் பாடசாலைகளில் கர்நாடக சங்கீதம் ஒரு பாடம். வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் குரலுக்கும் வயலினுக்கும் உள்ளதுபோல் வீணைக்கும் உண்டு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை தன் வாசிப்பைத் தானே கேட்டுத் திருத்த வேண்டும். குருவுக்கு அனுப்ப வேண்டும். அதுபோக, நுவரெலியாவுக்குப் பக்கத்துச் சீதா எலியாவில் சீதையம்மனுக்குக் கோயில் கட்டி வைத்திருக்கும் ஊர் இது. அந்தக் கதையின் இராவணனுக்கு வீணைக் கொடி என்பது தமிழர் வழக்கு. ஆக, வீணைக்கு இங்கே உரிமையில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கருவியைக் கையில் எடுத்தால் முதலில் படுவது அதன் லேசுதான். பற்றரியோடு சேர்த்து 100 கிராமுக்கு உட்பட்ட பிளாஸ்டிக் உடம்பு. தலைப்பக்கம் இரண்டு மைக்குகள் 90 பாகையில் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கின்றன. இரண்டு டிரிபிள் ஏ பற்றரி போட்டால் சுமார் 10 மணிநேரம் ஓடும் என்கிறது நிறுவனம். மின்வெட்டு வந்தாலும் பாடம் நிற்காது. மின்கம்பியிலிருந்து வரும் இரைச்சலும் சேராது. பொத்தான்களை அழுத்தும்போது குரல் வழிகாட்டும் வசதி உண்டு, பல மொழிகளில். தமிழ் அதில் இல்லை. சாதாரணப் பதிவே பெரிய கோப்பு: 48 கிலோஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 23 மெகாபைட், ஒரு மணிநேரத்துக்கு 1.4 கிகாபைட் அளவில் வரும். சிக்னல் ஒரு கோடு காட்டும் மலைச்சரிவில் அதை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்ப நினைப்பது வீண். சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். அதற்குக் கணினியோ கைத்தொலைபேசிச் செயலியோ தேவைப்படும். இது ஒரு குறைதான்.

இனி அந்த 32 பிட். கருவிக்குள் ஒலியை எண்ணாக மாற்றும் சுற்று இரண்டு இருக்கின்றன. ஒன்று மெல்லிய ஒலிக்கு, மற்றது உரத்த ஒலிக்கு. இரண்டும் தரும் எண்களைச் சேர்த்து, தசமப் புள்ளி நகரக்கூடிய எண்ணாக எழுதி வைக்கிறது. அதனால் பதிவு சன்னமாக இருந்தால் பிறகு கூட்டலாம், உரக்க இருந்தால் குறைக்கலாம். ஆனால் கூட்டும்போது வீணை மட்டும் கூடாது. மைக்கின் உள்ளே எப்போதும் இருக்கும் ‘ஸ்ஸ்’ என்ற சன்ன இரைச்சலும் கூடும், பக்கத்துக் காம்பராவின் தொலைக்காட்சியும் கூடும், இரவில் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் விசிறியின் முழக்கமும் கூடும். இதற்கு மருந்து தூரம்தான். வாத்தியத்துக்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் வீணையிலிருந்து நேரே வரும் ஒலி 6 டெசிபல் உயரும். அறையின் இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு அடியிலிருந்து ஓர் அடிக்கு நகர்த்துவதால் கிடைக்கும் லாபத்தை எந்தப் பிட்டும் தராது.

அப்படியானால் தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்துவிடலாமே என்று தோன்றும். வைத்தால் வீணை கேட்காது, வீணையின் ஒரு துண்டுதான் கேட்கும். குடம் ஒருவிதமாகப் பேசுகிறது, அதன் மேல்பலகை ஒருவிதமாக, தண்டி இன்னொருவிதமாக. ஓர் அடிக்குக் குறைந்தால் இவை கலப்பதற்கு இடமில்லை. எண்ணெய் தொட்ட இடது கை விரல் தந்தியில் வழுக்கும் ‘சர்க்’ ஒலி கமகத்தை விடப் பெரிதாக நிற்கும். ஓர் அடி முதல் ஒன்றரை அடி, குதிரைக்கும் கடைசி மெட்டுக்கும் நடுவே மேல்பலகையைப் பார்த்தபடி, சின்ன முக்காலியில். கையில் பிடித்தாலோ வீணை இருக்கும் பாயிலேயே வைத்தாலோ உடம்பின் ஒவ்வொரு அசைவும் பதிவில் இடியாக விழும். அந்த இடியை வெட்டக் கருவியில் தாழ் அதிர்வு வடிகட்டி இருக்கிறது. வீணைக்கு அதைத் தொடவே கூடாது. மூன்று கட்டைச் சுருதியில் முதல் தந்தியான சாரணி சுமார் 165 ஹெர்ட்ஸ், மந்தரம் 82, அனுமந்தரம் 62. 80 ஹெர்ட்ஸில் வெட்டினாலே அனுமந்தரத்தின் அடித்தளம் போய்விடும். ஓசை மட்டும் மிஞ்சும், கனம் போய்விடும்.

‘கைத்தொலைபேசியே போதுமே’ என்பதுதான் இங்கே அடிக்கடி வரும் மறுப்பு. பேச்சுக்குப் போதும். கைத்தொலைபேசியின் மைக் பேச்சுக்காகவே பழக்கப்பட்டது. ஒலி தேயத் தேய அளவைத் தானாகக் கூட்டும், தொடர்ந்து நீடிக்கும் மெல்லிய ஒலியை இரைச்சல் என்று நினைத்து அமுக்கும். வீணையில் நீடித்துத் தேய்வதற்குத்தான் கார்வை என்று பெயர். மீட்டிய ஸ்வரம் தேய்ந்துகொண்டே போகையில் விரல் தந்தியை இழுத்து அடுத்த ஸ்வரத்தைத் தொடுவதில்தான் வித்தையே இருக்கிறது. அந்த இடத்தைப் போன் தின்றுவிடும். பக்கவாட்டில் மீட்டும் மூன்று தாளத் தந்திகளின் கதியும் அதேதான். எச்1 எசென்ஷியல் இந்த வேண்டாத புத்திசாலித்தனம் எதையும் செய்வதில்லை. ஒலியளவைத் தானாக ஏற்றி இறக்குவதில்லை, ஏற்றி இறக்கச் சொல்வதுமில்லை. இரண்டு கையும் வாத்தியத்தில் மாட்டியிருக்க, தனியாக உட்கார்ந்து வாசிப்பவருக்கு இதுவே பெரிய உதவி. 32 பிட்டின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. ஒலி உடையாமல் காப்பதைவிட, அளவு பார்க்கும் வேலையை வாசிப்பவரின் தலையிலிருந்து இறக்கி வைப்பது.

இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம். மைக்கே எதற்கு, கச்சேரிகளில் செய்வதுபோல் வீணையில் ‘பிக்கப்’ பொருத்தினால் மழையும் கேட்காதே என்பது அது. மழை கேட்காது என்பது சரி. ஆனால் காந்த பிக்கப் இரும்பின் அசைவைத்தான் அறியும். சாரணியும் பஞ்சமமும் எஃகு. மந்தரமும் அனுமந்தரமும் வெறும் பித்தளைக் கம்பியாக இருந்தால் காந்தத்துக்கு அவை இல்லாததுபோல்தான். எஃகின் மேல் சுற்றிய தந்தி என்றால் தப்பிக்கலாம். தாளத் தந்திகள் பிக்கப்பின் மேல் ஓடுவதே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பலா மரம் குடைந்த அந்தக் குடத்தின் பேச்சு அதற்குக் காதிலேயே விழாது. மேடைக்கு அது வேண்டும். வீட்டில் தன் நாதத்தை அறியப் பார்ப்பவருக்கு அது பாதி உண்மை. வைகாசி தொடங்கி மாதக்கணக்கில் மழை நிற்காத வட்டவளைப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு மட்டும் அந்தப் பாதி உண்மையே மிச்சம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மழையைச் சொல்லிவிட்டதால் அறையையும் சொல்ல வேண்டும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் பழைய காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அந்த அளவுக்குச் சுவருக்குச் சுவர் ஒலி மோதித் திரும்பி நிற்கும் அலைகள் சுமார் 46 ஹெர்ட்ஸிலும் 56 ஹெர்ட்ஸிலும் தொடங்குகின்றன. மேலே போகப் போக அவை நெருங்கும். அதனால்தான் ஒரு ஸ்வரம் வீங்கியும் அடுத்தது சூம்பியும் கேட்கிறது. வாத்தியத்தில் கோளாறு என்று, மெட்டுகளை அமைத்து மேளம் கட்டுபவரைத் தேடுவதற்கு முன், உட்காரும் இடத்தை இரண்டு அடி தள்ளிப் பார்க்கலாம். மூலையில் மைக்கை வைத்தால் எல்லா அலையும் அங்கே வந்து குவியும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்குத் தூரம் நல்ல இடம். எதிர்ச்சுவரில் ஒரு கம்பளியைச் சுவரை ஒட்டாமல் கையகலம் விட்டுத் தொங்கவிட்டால் மேல் ஒலிகளின் கிணுகிணுப்பு அடங்கும். கொழுந்தெடுக்கப் போகையில் குளிருக்குப் போர்த்திய அதே கம்பளிதான். அடி ஒலிகளுக்குக் கம்பளி ஒன்றும் செய்யாது. தகரத்தில் மழை விழும் ஒலிக்கோ வீட்டுக்குள் மருந்தே கிடையாது. அந்த ஒலி எல்லா அதிர்வெண்ணிலும் பரவிக் கிடப்பதால், கணினியில் அதை நீக்கப் போனால் கார்வையும் சேர்ந்து போகும். மழைக்கு வேண்டியது மென்பொருளில்லை, பஞ்சாங்கம். தை மாசியில் வானம் வெளுத்த காலைகள் பதிவுக்கு. ஐப்பசியின் இடி மழைப் பின்னேரங்கள் சாதகத்துக்கு.

ஆனால் தை மாதக் காலைக்கு வேறொரு விலை உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் அப்போது புல்லின் மேல் உறைபனி படியும் நாட்கள் வரும். வீணையின் 24 மெட்டுகளும் தேன்மெழுகில் கரியோ குங்கிலியமோ சேர்த்த கலவையில்தான் அமர்ந்திருக்கின்றன. யாழ்ப்பாணத்து வெயிலில் அந்த மெழுகு இளகி மெட்டு சரியும். இங்கே அது இறுகி, லேசான தட்டலுக்கே விரிசல் விடும். அசைகிற மெட்டு ‘ஜர்’ என்று அதிரும். சமவெளிக்காரர் போட்ட அதே மெழுகுப் பதத்தை மலைக்கும் போடக் கூடாது என்பதை மேளம் கட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மலைக்குச் சற்று இளகின பதம் வேண்டும். மழை மாதங்களில் பிரடை ஊறித் துளையில் இறுகிக்கொள்ளும். பலவந்தமாகத் திருகினால் தலைப்பக்கத்து மரம் பிளக்கும். எஃகுத் தந்தி துருப் பிடிக்கும், துருப் பிடித்த தந்தி சுருதிக்கு நிற்காது.

குதிரையின் மேலிருக்கும் பித்தளைத் தகடு தனிக் கவனம் கேட்கிறது. அந்தத் தகடு தட்டையாக இல்லாமல் மெல்ல வளைந்திருக்கிறது. தந்தி அதிரும்போது வளைவின் மேல் தொட்டும் விட்டும் படிகிறது. ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாது நிற்கும் மேல் ஒலிகள் பிறக்கக் கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலத்து விதி. வீணையிலும் தம்புராவிலும் அவை பிறக்கின்றன என்றும், காரணம் அந்தக் குதிரை என்றும் 1921இல் சி.வி. ராமன் எழுதினார். வீணையின் மினுமினுப்பு முழுவதும் அந்த விரல் அகலத் தகட்டில் இருக்கிறது. ஈரத்தில் அதில் பச்சைக் களிம்பு ஏறும். தந்தி தேய்த்த பள்ளம் விழும். குத்துவிளக்குத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டு யாராவது தேய்த்தால் வளைவே மாறிப்போகும். உலர்ந்த மெல்லிய துணி போதும், பள்ளம் விழுந்தால் கைதேர்ந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் ஒரு மின்கருவி விமர்சனத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. காதுக்குப் பழகிப்போய்த் தெரியாமலிருக்கும் களிம்பும் அசையும் மெட்டும் ஓர் அடித் தூரத்து மைக்கில் முதலில் தெரியும். புதுக் கருவியின் முதல் பதிவைக் கேட்டுவிட்டு ‘மைக் கரகரக்கிறது’ என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர், முதலில் மெட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கட்டும்.

மைக்கும் கரகரக்கத்தான் செய்யும், அதன் கரகரப்பு வேறு. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கருவியை அடுப்புச் சூடும் வெந்நீராவியும் உள்ள அறைக்குள் கொண்டுவந்தால், கண்ணாடியில் படிவதுபோல் மைக்கின் மெல்லிய சவ்விலும் நீர் படியும். அப்போது வெடிவெடியென்று சத்தம் வரும். கருவியைப் போடாமல் அரைமணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு போடுவதுதான் வழி. பயன்படுத்தாத நாட்களில் பற்றரியைக் கழற்றி, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். வெளியானபோது இதன் விலை 100 அமெரிக்க டொலருக்குச் சற்றுக் குறைவு. இலங்கையில் அதற்கு மேல் கொடுக்க நேரும். அதே காசுக்கு ஸ்டூடியோ வகைக் கண்டென்சர் மைக் வாங்கலாமே என்றால், அதற்கு இடைச்சுற்றுப் பெட்டியும் கணினியும் மின்சாரமும் வேண்டும். ஈரத்தில் அதுவும் இதே கரகரப்பைத்தான் காட்டும்.

தப்புக்கு இதைக் கொண்டு போனால் கணக்கு தலைகீழாகும். அங்கே 32 பிட் உண்மையாகவே கைகொடுக்கும்: மெல்லத் தொடங்கி ஒரே அடியில் உச்சத்துக்குப் போகும் ஒலியை அளவு பார்த்துப் பதிவது யாராலும் ஆகாது. ஆனாலும் மைக்குகள் தாங்கும் எல்லை 120 டெசிபல்தான் என்று நிறுவனமே சொல்கிறது. அதைத் தாண்டினால் ஒலி எண்ணாக மாறுவதற்கு முன்பே சிதைந்துவிடும். மாசியில் காமன் கூத்தைப் பதிய நினைப்பவர், தோலைக் காய்ச்சும் நெருப்புக்குப் பக்கத்தில் முண்டியடிக்காமல் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். மலைப் பனியில் தோல் இளக இளகச் சுருதி இறங்கும், மறுபடி நெருப்பில் காட்டியதும் ஏறும். ஒரே இரவின் பதிவில் அந்த ஏற்ற இறக்கமும் அப்படியே வந்து சேரும்.