கிவிங் கோபோல்

'ஆட் 1 டு கோபோல் கிவிங் கோபோல்.' அதாவது, கோபோலோடு 1ஐக் கூட்டி, விடையைக் கோபோலிடமே கொடு. கோபோல் என்ற நிரல்மொழியின் வளவளப்பைக் கிண்டல் செய்யும் ஜோக்குகளில் இதற்கு ஈடாக இன்னொன்றை நான் கேட்டதில்லை. 1983இல் ரிக் மாஸ்கிட்டி, சி மொழியின் வாரிசுக்கு, 'ஒன்றைக் கூட்டு' என்று பொருள்படும் இரண்டு கூட்டல் குறியை சி-க்குப் பின்னால் போட்டுப் பெயர் சூட்டினார். அதே வழக்கப்படி கோபோலுக்கு ஒரு வாரிசு பிறந்தால் அதன் பெயர் இதுதான் என்று எந்தப் புண்ணியவான் முதலில் சொன்னாரோ!

நீளம்தான் இதன் சுவை என்பார்கள். எனக்குச் சுவை அந்தக் கடைசி இரண்டு சொற்களில். 'ஆட் 1 டு கோபோல்' என்றதுமே கூட்டல் முடிந்து விடையும் அங்கேயே சேர்ந்துவிடுகிறது. அதற்குமேல் 'கிவிங் கோபோல்' எதற்கு? எதற்குமில்லை. கணக்கு முடிந்த பிறகும் விடையை யாரிடம் ஒப்படைத்தோம் என்று சொல்லாமல் நகராத அந்தச் சுபாவம்தான் கோபோல். இன்னொன்றும் உண்டு: கோபோலின் 1974 தரத்தில் 'டு'வும் 'கிவிங்'கும் ஒரே ஆட் வாக்கியத்தில் சேர்ந்து வர இடமில்லை, 1985 தரம்தான் அனுமதித்தது. அதாவது அந்த உபரிச் சொல்லை ஒரு குழு உட்கார்ந்து பேசிச் சட்டமாக்கியிருக்கிறது. இது தெரிந்த பிறகு எனக்கு ஜோக் இன்னும் பிடித்துப்போனது.

இன்டர்கால் ரசிகர்கள் ஒப்பமாட்டார்கள். இன்டர்கால் 1972இல் பிரின்ஸ்டனில் டான் வுட்ஸும் ஜேம்ஸ் லயனும் கேலிக்காகவே செய்த நிரல்மொழி. 'ப்ளீஸ்' குறைந்தால் மரியாதை போதவில்லை என்று நிரலைத் தள்ளிவிடும், கூடினால் குழைவு அதிகம் என்று தள்ளிவிடும். அபாரமான கற்பனைதான். ஆனால் அங்கே சிரிப்புக்காக ஒரு மொழியையே கட்ட வேண்டியிருந்தது. இங்கே இருக்கிற மொழியின் ஒரு வரி போதுமாக இருக்கிறது. 1960இல் கோபோல் குழுவிலிருந்த ஹாவர்ட் பிராம்பெர்க் அந்த மொழிக்கே கல்லறைக் கல் செய்து அனுப்பியதையும் சிலர் சிலாகிப்பார்கள். அதில் எனக்குத் தெரிவது எரிச்சல்தான்.

2000ஆம் ஆண்டுத் தேதிக் கோளாறைச் சரிசெய்யும் ஒய்2கே வேலை மும்முரமாக நடந்த நாட்களில் எங்கள் குழுவில் ஒரு சீனியர் இருந்தார். இந்த 'கிவிங் கோபோல்' வரியைச் சொல்லி முடித்து, மேஜையில் விரலால் முற்றுப்புள்ளியை அழுத்தி வைப்பார். எண்ட்-இஃப் இல்லாமல், இஃப் எங்கே முடிகிறது என்பதைப் புள்ளியே தீர்மானித்த பழைய நிரல்களில் ஒரு புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்று பார்த்த எவருக்கும் அந்த விரல் புரியும்.

இப்போது வரும் கோபோல் ஜோக்கெல்லாம் டைனோசர் படமும் கீழே கோபோல் என்ற பெயரும்தான். படம் போட்டவர் கோபோல் வரியில் ஏரியா ஏ எந்த நெடுவரிசையில் தொடங்குகிறது என்று பார்த்திருப்பாரா? ஒரு பெர்ஃபார்ம் வேரியிங் சுழலையாவது கையால் அடித்திருப்பாரா? அதைச் செய்யாதவருக்குக் கோபோலின் வயது மட்டும்தான் கண்ணில் படுகிறது. பேச்சு காதில் விழுவதில்லை.