யோடல் பாடும் ராக்

நெதர்லாந்தின் ஃபோகஸ் இசைக்குழு 1971இல் வெளியிட்ட ‘மூவிங் வேவ்ஸ்’ ஆல்பத்தின் முதல் பாட்டு ‘ஹோக்கஸ் போக்கஸ்’. யான் ஆக்கர்மனின் கிடார் பாய்ந்து வரும்; சட்டென்று நிற்கும். பியர் வான் டெர் லிண்டனின் டிரம்ஸ் மட்டும் தடதடக்கும். அந்த இடைவெளியில் தைஸ் வான் லீர் ஆல்ப்ஸ் மலை இடையர்களைப் போல யோடல் பாடுகிறார். மற்ற இடைவெளிகளில் விசில், புல்லாங்குழல், ஆர்கன். பாட்டில் வரிகளே இல்லை. கோமாளித்தனம்தான், ஆனால் தாளம் இம்மியும் பிசகாத கோமாளித்தனம்.

அடுத்து வரும் ‘லெ குளோஷார்’ நேர் எதிர்: ஒற்றை கிளாசிக்கல் கிடார், பின்னணியில் மெல்லோட்ரான் என்ற கீபோர்டு.

தலைப்புப் பாட்டில் நமக்கொரு சேதி உண்டு. அதன் வரிகள் பரோடாவில் பிறந்த சூஃபி ஞானி இனாயத் கானுடையவை. அவர் வீணைக் கலைஞரும்கூட.

இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுக்க ‘இரப்ஷன்’. கிரேக்கப் புராணத்தின் ஆர்ஃபியஸ் கதையை வைத்து நெய்த 23 நிமிட இசை. நடுவே கொஞ்சம் இழுவை; ஆக்கர்மனின் கிடார் அழத் தொடங்கியதும் அதை மன்னித்துவிடலாம்.

1973இல் ‘ஹோக்கஸ் போக்கஸ்’ அமெரிக்கப் பட்டியலில் 9ஆம் இடம் பிடித்தது. ஆனால் ஆல்பத்தின் உயிர் இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கிறது.