கபுஷ்சின்ஸ்கியின் ‘ஷாஹின்ஷா’: சான்றும் புனைவும்

ஈரானின் கடைசி மன்னர் முகம்மது ரெசா பஹ்லவியின் ஆட்சி பற்றியும் 1979 ஆம் ஆண்டுப் புரட்சி பற்றியும் எழுந்த நூல்களுள், போலந்து இதழாளர் ரிசார்ட் கபுஷ்சின்ஸ்கி எழுதிய ‘ஷாஹின்ஷா’ பரவலாகப் படிக்கப்பெற்ற ஒன்று. போலந்து மொழியில் 1982 இலும் ஆங்கிலத்தில் 1985 இலும் வெளிவந்த இந்நூல் அளவிற் சிறியது. வரலாற்று நூலுக்குரிய அடிக்குறிப்புகள் அதில் இல்லை. ஆயினும், அச்சம் ஒரு மக்களின் மனத்தில் எவ்வாறு குடிகொள்கிறது, பின்னர் அங்கிருந்து எவ்வாறு நீங்குகிறது என்னும் வினாவிற்கு விடை தேடுவோர் நாடும் நூலாக அது நிலைபெற்றுவிட்டது. இந்நூலைச் செய்தியாகக் கொள்வதா, இலக்கியமாகக் கொள்வதா என்பது வகைப்பாடு பற்றிய வினா மட்டுமன்று. கொடுங்கோன்மைக்கு எதிராகக் கூறப்படும் சாட்சியம் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது.

நூல் டெஹ்ரானில் ஆளரவமற்ற விடுதியொன்றின் அறையில் தொடங்குகிறது. புரட்சி முடிந்துவிட்டது; அயல்நாட்டார் பெரும்பாலும் வெளியேறிவிட்டனர். நிழற்படங்களும் ஒலிநாடாக்களும் குறிப்புத்தாள்களும் மேசையிற் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கும் முறையில் நடுப்பகுதி அமைகிறது. காலவரிசையில் வரலாறு கூறாமல், படத்திலிருந்து படத்திற்குத் தாவும் இவ்வுத்தி வாசகரிடம் ஒருவகை நம்பிக்கையை ஏற்படுத்துகிறது. படம் பொய் சொல்லாது என்பது பொதுவான எண்ணமன்றோ?

சாவாக் எனப்படும் இரகசியக் காவல்துறை பற்றிய பக்கங்களே நூலின் சிறந்த பக்கங்கள். 1957 இல் நிறுவப்பெற்ற இவ்வமைப்பின் சித்திரவதைக் கூடங்களைப் பலரும் எழுதியுள்ளனர். கபுஷ்சின்ஸ்கி எடுத்துக்கொள்வதோ ஒரு பேருந்து நிறுத்தம். நோயுற்ற முதியவர் ஒருவர் மூச்சுவிட முடியாத புழுக்கமாக இருக்கிறதென்று கூறுகிறார். அருகில் நின்ற உளவாளிக்கு அச்சொல் நாட்டு நிலைமையைக் குறிப்பதாகப் படுகிறது. முதியவர் அழைத்துச் செல்லப்படுகிறார். தமிழில் ‘புழுக்கம்’ என்னும் சொல் வானிலையையும் மனநிலையையும் ஒருங்கே சுட்டுவதால் இந்நிகழ்ச்சியின் கூர்மை தமிழ் வாசகர்க்கு விளக்கமின்றியே புலப்படும். இருள், கூண்டு, சங்கிலி போன்ற சொற்களையும் மக்கள் விலக்கிப் பேசக் கற்றுக்கொண்டனர் என்கிறார் ஆசிரியர். ஆட்சியாளர் அகராதியிலிருந்து சொற்களை நீக்க ஆணையிடவில்லை, பேசுவோரே நீக்கிக்கொண்டனர். கொடுங்கோன்மையின் வெற்றியை இதனினும் சுருக்கமாகக் காட்டிய எழுத்து அரிது.

இத்தகைய பார்வை உடையவரிடம்தான் நூலின் பெருங்குறையும் காணப்படுகிறது. மேசைமேல் உள்ள படங்களுள் மிகப் பழையதென்று அவர் அறிமுகப்படுத்தும் படத்தில் ஒரு படைவீரன் சங்கிலியைப் பற்றி நிற்கிறான். சங்கிலியின் மறுமுனையில் ஒரு கைதி. ஆண்டு 1896. கைதி, நாசிருத்தீன் ஷாவைச் சுட்டுக்கொன்றவன். படைவீரன், கடைசி மன்னரின் பாட்டனார் என்பது நூலின் கூற்று. பஹ்லவி மரபின் தொடக்கத்திலேயே சங்கிலி இருந்தது என்னும் கருத்தை இப்படம் நிறுவிவிடுகிறது.

நாசிருத்தீன் ஷா 1896 மே மாதம் முதல்நாளன்று மிர்சா ரெசா கெர்மானி என்பவனால் கொல்லப்பட்டது வரலாறு. ஆனால் கடைசி மன்னரின் தந்தைவழிப் பாட்டனார் அப்பாஸ் அலி கான் இறந்தது 1878 இல். மகன் ரெசா பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் மறைந்தவர் கைதியின் சங்கிலியைப் பற்றி நிற்றல் இயலாது.

இதனைச் சிறு பிழையென ஒதுக்குவாரும் உளர். இலக்கிய உண்மை வேறு, தகவல் உண்மை வேறு என்பது அவர்தம் வாதம். அவ்வாதம் புதினத்திற்குப் பொருந்தும். இங்கோ படம் அணியாக வரவில்லை; சான்றாக வருகிறது. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை அளவையியலைக் கூறுமிடத்துத் திட்டாந்தத்தையும் அதன் போலியையும் பிரித்துரைக்கும். மேற்கோளை நிறுவ வந்த எடுத்துக்காட்டே பழுதாயின் வாதம் நில்லாது என்பது அப்பகுப்பின் கருத்து. கபுஷ்சின்ஸ்கியின் முதற்படம் அத்தகைய போலியே ஆகும்.

இன்னும் வருந்தத்தக்கது, உண்மைநிலை அவருடைய கருத்திற்கு வலுச்சேர்ப்பதாகவே இருந்தமை. மாசந்தரான் பகுதியின் அலாஷ்த் என்னும் மலைச்சிற்றூரில் பிறந்து, தந்தையை இழந்து, தாயால் டெஹ்ரானுக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தையே ரெசா. கசாக்குப் படையில் உயர்ந்து, 1921 இல் ஆட்சிக்கவிழ்ப்பில் பங்கேற்று, 1925 இல் அரியணை ஏறியவர் அவர். இஸ்லாத்திற்கு முற்பட்ட பாரசீக மொழியின் பெயரான ‘பஹ்லவி’யைக் குடிப்பெயராகச் சூடிக்கொண்டார். மகனோ 1971 இல் பெர்செபோலிசில் 2500 ஆண்டு முடியாட்சி விழா எடுத்தார். 1976 இல் நாட்காட்டியையே மாற்றினார். ஹிஜ்ராவிலிருந்து எண்ணப்பட்ட 1355 ஆம் ஆண்டு, சைரசு மன்னர் அரியணை ஏறியதிலிருந்து எண்ணப்பட்டு 2535 ஆயிற்று. எதிர்ப்பு முற்றிய 1978 இல் பழைய கணக்கு மீண்டது. பாட்டனார் முகமறியாக் குடும்பம் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு முன்னோரைத் தேடிக்கொண்டதே பஹ்லவி ஆட்சியின் உள்ளீடு. அக்குடும்பத்திற்கு இல்லாத பாட்டனார் ஒருவரை நூலாசிரியரும் வழங்கிவிட்டார்.

புரட்சியும் இப்பழக்கத்திற்கு விலக்கன்று. 1979 இல் இயற்றப்பெற்ற அரசமைப்பின் முகவுரை, புரட்சியில் உயிர்நீத்தோர் அறுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் என்கிறது. தியாகிகள் அறக்கட்டளையின் ஆவணங்களைக் கொண்டு இமாதுத்தீன் பாகி பின்னாளில் வெளியிட்ட கணக்கு, 1963 முதல் 1979 வரை ஏறத்தாழ மூவாயிரம் என்றே காட்டியது. மூவாயிரம் உயிர் சிறிய எண்ணன்று. அதனைப் பெருக்கவேண்டிய தேவை ஆள்வோருக்கு ஏற்பட்டது என்பதே கருதத்தக்கது.

நூலில் அடிக்கடி எடுத்தாளப்படும் மற்றொரு பகுதி, காவலரும் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் மனிதரும் எதிர்ப்படும் காட்சி. காவலர் அதட்டுகிறார், அம்மனிதர் நகரவில்லை. அந்தக் கணத்தில் புரட்சி பிறக்கிறது என்பது ஆசிரியரின் துணிபு. காட்சி மறக்கவொண்ணாதது. எனினும் 1978 இன் நிகழ்ச்சிகளை அது முழுதும் விளக்குவதாகக் கொள்ளுதல் தவறு. சனவரி 7 அன்று ‘எத்தலாஅத்’ நாளிதழில் கொமெய்னியை இழித்துரைத்த கட்டுரை வெளிவந்தது. இரண்டு நாட்களில் கோம் நகரில் துப்பாக்கிச்சூடு. நாற்பதாம் நாள் துக்கம் தப்ரீசில் கிளர்ச்சியாயிற்று. அதன் நாற்பதாம் நாள் வேறு நகரங்களில். ஷியா மரபின் துக்கமுறையே போராட்டத்திற்கு நாட்காட்டியாக அமைந்தது. பள்ளிவாசல்கள் கூடுமிடம் தந்தன. கடைத்தெரு வணிகர் பொருள் தந்தனர். இலையுதிர்காலத்தில் எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் அரசின் வருவாயை அறுத்தது. மன்னரோ புற்றுநோயாளி, உறுதியாக ஒடுக்கவும் உண்மையாக விட்டுக்கொடுக்கவும் துணியாதவர். 1979 சனவரி 16 அன்று அவர் நாட்டைவிட்டு நீங்கினார். பெப்ரவரி 11 அன்று படைத்தலைமை நடுநிலை அறிவித்தது. அன்றோடு ஆட்சி முடிந்தது.

ஓரத்து மனிதர் நகராதிருந்தால் மட்டும் போதாது என்பதைப் பின்னைய ஈரானே காட்டியது. 2009 இல் தேர்தல் முடிவை எதிர்த்தும், 2022 இல் மாஷா அமீனியின் இறப்பிற்குப்பின் பெண்கள் முன்னிற்கவும், அச்சமின்றி வீதியில் நின்றோர் மிகப்பலர். ஆயினும் அவ்விரு ஆண்டுகளிலும் படையும் காவலும் பிளவுபடவில்லை, அரசும் வீழவில்லை. கபுஷ்சின்ஸ்கி கண்டது புரட்சியின் தொடக்கத்தை. அதன் முடிவைத் தீர்மானிக்கும் ஆற்றல்கள் அவர் காட்சிக்கு வெளியே நின்றன.

இச்சாய்விற்கு ஒரு காரணம் உண்டு. நூல் எழுதப்பட்ட காலம் போலந்தில் ஒற்றுமைச் சங்கம் எழுந்து, 1981 திசம்பரில் படைச்சட்டத்தால் ஒடுக்கப்பட்ட காலம். எத்தியோப்பிய மன்னரைப் பற்றி அவர் 1978 இல் வெளியிட்ட ‘பேரரசர்’ நூலைப் போலவே இதனையும் போலந்து வாசகர் தம் நாட்டைப் பற்றியதாகப் படித்தனர். தணிக்கையின்கீழ் எழுதுவோர்க்கு அயல்நாட்டுக் கதை ஒரு மறைவிடம். பேருந்து நிறுத்தத்து முதியவரின் புழுக்கம் வார்சாவிலும் உணரப்பட்டதே. அம்மறைவிடத்தின் விலையை ஈரானின் வரலாறு செலுத்தவேண்டியதாயிற்று என்பதையும் உடன்கூறல் வேண்டும்.

புரட்சிக்குப் பிந்திய சோர்வைக் கூறும் இறுதிப்பகுதி கம்பளவணிகர் ஒருவரோடு நடக்கும் உரையாடலில் வந்து நிற்கிறது. பயன்நோக்காத அழகை உலகிற்கு ஈந்தவர் பாரசீகர் என்பது அவ்வணிகரின் பெருமிதம். முன்பகுதியின் இறுக்கம் அங்கு இல்லை. கீழ்த்திசை பற்றிய ஐரோப்பிய வியப்பின் சாயல் சற்றுப் படிந்துள்ளது.

இந்நூலைத் தமிழில் பெயர்ப்போர் முதற்படத்தின் கீழ் அப்பாஸ் அலி கான் இறந்த ஆண்டை அடிக்குறிப்பாக இடுதல் தகும். சாவாக் பற்றிய பக்கங்களின் ஆற்றல் அதனாற் குன்றாது.