போட்டியும் மனச்சான்றும்: 'கறுப்புச் சோதனைக் கார்' பற்றிய ஒரு நோக்கு

போட்டி என்பது பொருளின் தரத்தை உயர்த்தி விலையைத் தாழ்த்தும் நல்விசை என்றே பொருளியற் பாடநூல்கள் பலவும் கற்பிக்கின்றன. அப்போட்டி, அதில் ஈடுபடும் மனிதரை என்னவாக ஆக்குகின்றது என்னும் வினாவைக் கலை இலக்கியமே எழுப்பவேண்டியுள்ளது. யசுசோ மசுமுராவின் நெறியாள்கையில் 1962இல் வெளிவந்த 'கறுப்புச் சோதனைக் கார்' என்னும் யப்பானியத் திரைப்படம் அவ்வினாவை நேர்நின்று எழுப்புகின்றது. தொசியுக்கி கஜியாமாவின் நாவலைத் தழுவி உருவானது இப்படம்.

இதன் சமூகப் பின்னணி கருதத்தக்கது. பத்தாண்டுகளில் தேசிய வருமானத்தை இருமடங்காக்கும் திட்டத்தை இக்கேடா அரசாங்கம் 1960இல் அறிவித்தது. வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதி 1965 வரை கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. பாதுகாக்கப்பட்ட அச்சந்தையினுள் உள்நாட்டுக் கம்பனிகள் ஒன்றோடொன்று மோதின. அம்மோதலே படத்தின் களமாகும்.

ரைகர், யமாற்றோ என்னும் இரு கற்பனைக் கம்பனிகளுக்கிடையே ஒற்றும் எதிரொற்றும் நிகழ்கின்றன. யமாற்றோவின் உளவுக்குத் தலைமை தாங்கும் மவற்றாரி, போர்க்காலத்திற் குவாந்துங் படையின் புலனாய்வில் இருந்தவன். இப்பாத்திர அமைப்பு தற்செயலானதன்று. 1945இல் தோற்ற போர், சீருடையைக் களைந்து வர்த்தக உடையணிந்து தொடர்கின்றது என்பதே இதன் குறிப்பு. நெருக்கமான, இருண்ட கறுப்பு வெள்ளைக் காட்சிகளில், அலுவலகக் கூட்டங்கள் யாவும் போர் ஆலோசனை மன்றங்களாகவே தோன்றுகின்றன.

ஆயினும் ஒரு கம்பனியை நல்லதாகவும் மற்றையதைத் தீயதாகவும் மசுமுரா காட்டவில்லை. ரைகரின் அதிகாரியான ஒனோடாவும் அதே வழிகளையே கைக்கொள்கிறான். அவனது தூண்டுதலால், இளம் ஊழியனான அசாகினா, தன் காதலி மசாக்கோவை மவற்றாரியிடம் அனுப்பி எதிரியின் இரகசியத்தைப் பெற முனைகிறான். ரைகரின் புதிய கார் புகையிரதக் கடவையில் விபத்துக்குள்ளாகி அவப்பெயர் பெறுகின்றது. அது திட்டமிட்ட நாசவேலை. ரைகருக்குள்ளிருந்தே தகவல் விற்றவன் அகப்பட்டுத் தற்கொலை செய்துகொள்கிறான். இவையனைத்தும் சில தீயவரின் தனிக்குற்றங்கள் அல்ல. வெற்றியை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட ஓர் அமைப்பின் இயல்பான விளைவுகள். படத்தின் வலிமை இவ்வுணர்விலேயே தங்கியுள்ளது.

அதன் குறைபாட்டையும் இங்கு சுட்டவேண்டும். அசாகினா இறுதியில் வெறுப்புற்றுக் கம்பனியை விட்டு நீங்குகிறான். தனிமனிதன் தன் மனச்சான்றை மீட்கிறான். அமைப்போ அசையாது நிற்கின்றது. கூட்டாக எதிர்க்கும் வழி எதுவும் படத்திற் புலப்படவில்லை. காரை உண்மையில் உருவாக்கும் தொழிலாளரும் கதையின் மையத்துக்கு வருவதில்லை. எனினும், கம்பனி திருந்திவிடும் என்ற பொய்யான ஆறுதலை மசுமுரா வழங்காமையை நேர்மை என்றே கொள்ளல் வேண்டும்.

யப்பானியச் சட்டம் வர்த்தக இரகசியத்துக்கு வெளிப்படையான பாதுகாப்பளித்தது 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரேயாகும். அச்சட்டம் காப்பது கம்பனியின் உடைமையை. அவ்வுடைமையைக் கவரவும் காக்கவும் கருவியாக்கப்படும் மசாக்கோக்களின் மானத்தைக் காப்பது எது? சட்டம் எழுப்பாத அவ்வினாவை எழுப்பியமையாலேயே இப்படம் வெறும் துப்பறியும் கதை என்ற எல்லையைக் கடந்து நிற்கின்றது.