கோணல் பாலமும் கண்ணாடி வெளிச்சமும்

1974 ஜனவரி 30 அன்று பீகிங்கின் 'மக்கள் தினசரி' ஒரு நீண்ட கண்டனக் கட்டுரையை வெளியிட்டது. கண்டனத்துக்கு உள்ளானவர் இத்தாலிய சினிமாக்காரர் மைக்கலாஞ்சலோ அந்தோனியோனி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சீன அரசாங்கமே அழைத்து, இத்தாலியத் தொலைக்காட்சிக்காக அவர் எடுத்த 'சுங் குவோ' என்கிற மூன்றரை மணி நேர ஆவணப்படம் சீன மக்களை இழிவுபடுத்திவிட்டது என்பது குற்றச்சாட்டு. பட்டியல் சுவாரஸ்யமானது. நான்கிங்கில் யாங்ட்ஸீ ஆற்றின் மேல் சீனர்கள் சொந்தமாகக் கட்டி 1968-இல் திறந்த பாலத்தை வேண்டுமென்றே கெட்ட கோணத்தில் எடுத்து, அது கோணலாக ஆடிக்கொண்டு நிற்பது மாதிரிக் காட்டிவிட்டார். தியானன்மென் சதுக்கத்தை முழுசாகக் காட்டாமல் கூட்டத்தையும் முகங்களையும் துண்டு துண்டாகக் காட்டினார். பன்றி தலையைத் தூக்குகிற இடத்தில் புரட்சி இசைநாடகப் பாட்டை ஓடவிட்டார். இப்படிப் போகிறது.

நாடு முழுக்கக் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. படம் சீனாவில் திரையிடப்படவே இல்லை என்பதால் கண்டித்தவர்களில் அநேகம் பேர் அதைப் பார்த்திருக்க வழியில்லை. (பெய்ஜிங்கில் பொதுவில் ஒரு திரையிடல் நடக்க 2004 ஆகவேண்டியிருந்தது.) அந்தோனியோனியை அழைத்தது சூ என்லாய் தரப்பு, அடித்தது ஜியாங் சிங் தரப்பு, அடி உண்மையில் சூவுக்குத்தான் என்று பின்னால் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்த அரண்மனை அரசியல் கிடக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது கட்டுரையின் சொல்லாடல்தான். அந்நியக் கண், வக்கிரப் பார்வை, பின்தங்கியதைத் தேடித் தேடிப் பதிவு செய்கிற ஏகாதிபத்திய மனசு: எல்லாமே நமக்குப் பழக்கமான வார்த்தைகள். எட்வர்ட் செய்த் நம் சிறுபத்திரிகைகளில் புழங்கத் தொடங்கியதிலிருந்து, வெள்ளைக்காரன் எடுத்த எந்தப் படத்தைப் பார்த்தாலும் நாம் சொல்கிற வார்த்தைகள். செய்த்தின் நூல் 1978-இல்தான் வந்தது. அதற்கு நாலு வருஷம் முன்பே ஒரு அரசாங்கம், தன் கட்சிச் சண்டைக்காக, அதே வாதத்தைக் கையில் எடுத்திருக்கிறது.

உம்பர்த்தோ ஈகோ இந்தச் சண்டையைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை எழுதினார். அவருடைய வாதம் சுருக்கமாக இது: இரண்டு தரப்பும் இரண்டு குறியீட்டு ஒழுங்குகளுக்குள்ளிருந்து பேசுகின்றன. ஐரோப்பியக் கண்ணுக்குச் சாய்ந்த கோணம் ஈடுபாடு. சீனச் சுவரொட்டி மரபில் மரியாதை என்றால் நேர் எதிரே நின்று, நடுவில் வைத்து, சமமான வெளிச்சத்தில் எடுப்பது. சாய்த்து எடுத்தால் கிண்டல். சூசன் சொண்டாக்கும் 1977-இல் வந்த புகைப்படம் பற்றிய தன் நூலில் இந்தப் பாலத்தில் வந்து நிற்கிறார். சீனர்கள் காட்சியைத் துண்டாக்க விரும்பவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரு சரியான பார்வைக் கோணம் உண்டென்று நினைக்கிறார்கள் என்பது அவர் சொல்வதன் சாரம். இரண்டு பேரும் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் சுலபமாகத் தாண்டிப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 'சீனர்கள்' என்று இவர்கள் சொல்லும் இடத்திலெல்லாம் 'சீன அரசின் பத்திரிகை' என்று போட்டு வாசித்துப் பாருங்கள். கலாச்சார வித்தியாசம் சட்டென்று அதிகாரத்தின் விஷயமாகிவிடும்.

அதற்காக அந்நியக் கண் அப்பாவி என்று சொல்ல வரவில்லை. சீனத்தில் காமிரா பீரங்கியோடு சேர்ந்துதான் நடந்தது. ஃபெலிச்சே பியாத்தோ 1858-இல் லக்னோவில் எலும்புகள் சிதறிக் கிடந்த முற்றத்தைப் படமெடுத்தவர். 1860-இல் ஆங்கில-பிரெஞ்சுப் படையோடு சீனம் போனார். டாகூ கோட்டை விழுந்ததும், தான் படமெடுத்து முடிக்கும்வரை பிணங்களை அப்படியே விட்டுவைக்கும்படி அவர் கெஞ்சியதாகக் கூட இருந்த ராணுவ மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். அடுத்து வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன் வேறு ரகம். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, கூடாரத்துக்குள்ளேயே கழுவ வேண்டிய காலம் அது. சுமைகாரர்கள் பெட்டிகளைத் தூக்கிவர யாங்ட்ஸீயின் மேல்பகுதி வரை போனார். 1873-74-இல் நாலு தொகுதிகளாக 200 படங்கள் வெளியிட்டார். பிச்சைக்காரன், மந்திரி, படகுக்காரி என்று 'வகை'களாக மனிதர்களை அடுக்குகிற புத்தி அதில் உண்டு. கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1948-49-இல் எடுத்த சீனப் படங்களின் நூலுக்கு முன்னுரை எழுதியபோது சார்த்ர் இதைத்தான் தொட்டார்: 'வினோத அழகு' என்று நாம் ரசிப்பதன் மூலத்தில் யுத்தமும் எதிரியைப் புரிந்துகொள்ள மறுப்பதும் இருக்கிறது என்று. இந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு மக்கள் தினசரியின் கோபம் முழுப் பொய்யாகப் படாது. சிக்கலே அங்கேதான்.

இப்போது வடமேற்கே, கோபி பாலைவனத்தின் ஓரம் தூன்ஹுவாங்குக்குப் போவோம். மணற்பாறைச் சரிவில் ஓவியமும் சிற்பமும் கொண்ட 492 குகைகள். நாலாம் நூற்றாண்டு தொடங்கி ஆயிரம் வருஷம் குடைந்தது. 1900-இல் வாங் யுவான்லு என்கிற தாவோ துறவி ஒரு குகைச் சுவருக்குப் பின்னால் அடைத்துவைக்கப்பட்டிருந்த சுவடி அறையைக் கண்டார். 1907-இல் அவ்ரல் ஸ்டைன் வந்து அற்ப விலைக்கு வண்டி வண்டியாக அள்ளிப் போனார். அந்தப் பயணத்துக்குப் பெரும்பங்கு பணம் கொடுத்தது பிரிட்டிஷ் இந்திய அரசாங்கம். அந்தப் பங்குக்குக் கிடைத்த தூன்ஹுவாங் பட்டோவியங்கள் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கீழைத்தேயவாதத்தைப் பற்றிப் பேசும்போது நாம் இதைச் சொல்வதே இல்லை.

அடுத்த வருஷம் வந்தவர் பிரெஞ்சுக்காரர் பால் பெலியோ. ஸ்டைனுக்குச் சீனம் தெரியாது, இவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் பொறுக்கி எடுத்து, 500 தேல் வெள்ளிக்கு வாங்கிப் போனார். கூட வந்த புகைப்படக்காரர் ஷார்ல் நூவெத் எடுத்த ஒரு படம் பிரசித்தம்: சுவடிக் கட்டுகள் சுவர் மாதிரி அடுக்கியிருக்க, ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பெலியோ குந்தி உட்கார்ந்து ஒரு சுருளை ஆராய்கிறார். திருட்டு நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்த படம் என்று இதைச் சொல்லலாம், தப்பில்லை. நூவெத் அறையோடு நிற்கவில்லை. குகை குகையாகப் போய் சுவர்களைப் படம் எடுத்தார். 1920-24-இல் பெலியோவின் பேரில் அவை ஆறு தொகுதிகளாக வந்தன. நூவெத் 1910-லேயே செத்துப்போனார், புத்தகத்தைப் பார்க்கவில்லை.

1935-இல் பாரிசில் சாங் ஷூஹோங் என்கிற சீன ஓவியர் ஸீன் நதிக்கரைப் பழைய புத்தகக் கடையில் இந்தத் தொகுதிகளைப் பார்க்கிறார். 1927-இல் ஃபிரான்சுக்குப் போய், எண்ணெய்ச் சாயத்தில் ஐரோப்பியக் கல்விமுறை ஓவியம் பயின்று, அங்கே பரிசுகளும் வாங்கிய ஆசாமி. தன் நாட்டில் இப்படியொன்று இருப்பது அவருக்குத் தெரியாது. கடைக்காரர் கீமே அருங்காட்சியகத்துக்குப் போகச் சொல்கிறார். பெலியோ கொண்டுவந்த அசல் ஓவியங்கள் அங்கே இருந்தன. அடுத்த வருஷம் ஊர் திரும்புகிறார். 1943-இல் தூன்ஹுவாங். 1944-இல் அங்கே ஆய்வு நிறுவனம் தொடங்கியபோது முதல் இயக்குநர் அவர்தான். மண்ணடுப்பு, உப்புத் தண்ணீர், குகை வாசலை மூடுகிற மணல். மனைவி விட்டுவிட்டுப் போனார். கலாச்சாரப் புரட்சியில் அவமானப்படுத்தப்பட்டார். 1994-இல் சாகும்வரை அவர் பேர் அந்த மணலோடேயே ஒட்டியிருந்தது.

நம் வழக்கமான வாசிப்பு இந்த இடத்தில் திணறுகிறது. கொள்ளைக்காரனின் ஆல்பம். காலனியப் பிரதி என்பதில் சந்தேகமே இல்லை. கறுப்பு வெள்ளை வேறு, அந்தச் சுவர்களின் மலாக்கைட் பச்சையும் நீலமும் அதில் கிடையாது. அந்தப் படங்கள்தான் ஒரு மனுஷனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பின. படம் எடுத்தவனின் நோக்கத்தோடு படத்தின் கதை முடிந்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டால் சாங் ஷூஹோங்கை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்னொன்றும் உண்டு. 1921-இல், உள்நாட்டு யுத்தத்தில் தோற்று எல்லை தாண்டி ஓடிவந்த ரஷ்ய வெள்ளைப் படையினரை நூற்றுக்கணக்கில் உள்ளூர் அதிகாரிகள் இந்தக் குகைகளில்தான் அடைத்துவைத்தார்கள். சமையல் புகை சுவரில் ஏறியது, பெயர்களைக் கீறிவைத்தார்கள். 1924-இல் ஹார்வர்டிலிருந்து லாங்டன் வார்னர் வந்து, பசை தடவிய துணியை ஒட்டி ஓவியத்தைச் சுவரிலிருந்தே உரித்துக்கொண்டு போனார். இதற்கெல்லாம் முந்தைய சுவரின் சாட்சி நூவெத்தின் படங்கள். திருட்டு அதனால் நியாயமாகிவிடாது. சாட்சி திருடனின் பையிலிருந்து வந்தது என்பதால் சாட்சி இல்லாமலும் போகாது.

அந்நியன் வேண்டாம், நம்மவனே எடுக்கட்டும் என்றால் அதுவும் நடந்திருக்கிறது. லோ ஜிமெய் யுத்தகாலச் செய்தி நிறுவனமொன்றின் புகைப்படக்காரர். 1943-இல் மனைவி லூசியோடு தூன்ஹுவாங் போய் ஒன்றரை வருஷம் தங்கினார். மின்சாரம் கிடையாது. வெளியே கண்ணாடியை வைத்து வெயிலைக் குகைக்குள் திருப்பி, உள்ளே வெள்ளைத் துணியில் பட்டுச் சிதறவிட்டு, அந்த இரவல் வெளிச்சத்தில் எடுத்தார்கள். 2,500-க்கும் மேற்பட்ட படங்கள். நூவெத் பெரும்பாலும் சுவரை ஆவணமாக எடுத்தார் என்றால் இவர்கள் குகைக்குள் நிற்கிற அனுபவத்தை எடுத்தார்கள்: வாசலில் ஒளி விழுகிற சாய்வு, சிற்பத்துக்குப் பின்னால் இருட்டு, ஒரு குகையிலிருந்து அடுத்த குகை தெரிகிற துவாரம். பார்க்கப்பார்க்க ஆசையாக இருக்கும் படங்கள்.

அதே வருஷங்களில் அங்கே இருந்த பெரிய ஓவியர் ஜாங் தாச்சியான், திபெத்திய மடத்து ஓவியர்களைக் கூட வைத்துக்கொண்டு சுவரோவியங்களை வண்ணத்தில் பிரதியெடுத்தார். மங்கிப்போன நிறம் ஆதியில் எப்படியிருந்திருக்கும் என்று அவர் நினைத்தாரோ அப்படித் தீட்டினார். அடியிலுள்ள ஓவியத்தைப் பார்ப்பதற்காக மேலடுக்கைச் சிதைத்தார் என்ற குற்றச்சாட்டும் அவர் மேல் உண்டு. கைப்பிரதியைத்தான் 'நம் மரபு' என்றும் புகைப்படத்தை 'மேற்கின் இயந்திரம்' என்றும் பிரிக்கிற பேச்சு எனக்கு உவப்பில்லை. கைப்பிரதி காயத்தை ஆற்றிக் காட்டுகிறது. லோ தம்பதியரின் படத்தில் கருமையும் உதிர்வும் அப்படியே கிடக்கின்றன.

ஆனால் லோ தம்பதியரின் படங்கள் எங்கே போயின? 1949-இல் அவர்கள் தைவான் போனார்கள். தொகுப்பு கடைசியில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2021-இல்தான் ஒன்பது தொகுதிகளாக அச்சில் முழுமையாக வந்தது. நம்மவர் எடுத்தது அங்கே. அந்நியன் எடுத்தது இங்கே ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தது. பாஸ்போர்ட்டைப் பார்த்துப் படத்தை எடைபோடுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லவேண்டும். படத்தை யார் எடுத்தார் என்பதற்கு அடுத்து, அது யார் கண்ணுக்கு எட்டுகிறது, யார் எட்டவிடாமல் செய்கிறார் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வியோடு அந்தோனியோனிக்குத் திரும்பினால் படம் வேறு மாதிரித் தெரிகிறது. ஹெனான் மலைக்கிராமத்தில் ஜனங்கள் கதவோரம் வந்து நின்று முறைக்கிறார்கள். சிலர் பயந்து விலகுகிறார்கள். இங்கே விநோத ஜந்துக்கள் நாங்கள்தான் என்கிற தொனியில் அவருடைய குரல் போகிறது. பார்வை திரும்பி நம்மேல் விழுகிற அந்தச் சில நிமிஷங்கள், பியாத்தோ பிணங்களிடமிருந்து வாங்கவே முடியாதவை. படத்தில் பலவீனமும் இல்லாமலில்லை. மக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அறிய அவருக்கு அவசரமே இல்லை. முகமே போதும் என்று இருந்துவிடுகிறார். கடைசியில் வரும் கழைக்கூத்தாட்டம் நீண்டுகொண்டே போகிறது.

எதிர்ப்பதமாக யோரிஸ் இவென்ஸைச் சொல்வார்கள். 1938-லேயே சீனம் போய், கிளம்பும்போது தன் காமிராவைக் கம்யூனிஸ்டுகளுக்காக வூ இன்ஷியான் என்பவரிடம் விட்டுவந்த தோழர். மார்செலின் லொரிதானோடு சேர்ந்து அவர் எடுத்து 1976-இல் வெளிவந்த பன்னிரண்டு மணி நேரத் தொடரில் ஜனங்கள் நிறையப் பேசுகிறார்கள்: தொழிற்சாலை, மருந்துக்கடை, பள்ளிக்கூடம். அந்தோனியோனியிடம் இல்லாதது இங்கே இருக்கிறது. பேசுகிறவர்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பது மட்டும் சட்டகத்தில் இல்லை. அதே வருஷம் மாவோ இறந்து நால்வர் கும்பல் கைதானபின் அந்தப் பேச்சுகளில் பாதி செல்லாக்காசானது. நட்பான கண்ணும் ஏமாறும்.

இவென்ஸிடமிருந்து காமிரா வாங்கிய வூ இன்ஷியான் பிற்பாடு ஆசிரியராக இருந்தார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் லி ஜென்ஷெங். ஹார்பின் நகரத்து அரசுப் பத்திரிகையின் புகைப்படக்காரர், கையில் சிவப்புப் பட்டை. 1966-இல் ஒரு புத்தக் கோயிலின் துறவிகளை வரிசையாக நிற்கவைத்து, தங்கள் சூத்திரங்களைத் தாங்களே வசைபாடுகிற பதாகையைப் பிடிக்கவைத்தார்கள், அதை எடுத்தார். பொதுமன்றத்தில் மொட்டையடிக்கப்பட்ட அதிகாரிகளை எடுத்தார். 1968-இல் மரண தண்டனைகளை எடுத்தார். பத்திரிகையில் அச்சான படத்தின் எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் ஃபிலிம் ஒதுக்கீடு. ஆகவே முஷ்டி உயர்த்தும் கூட்டங்களையும் எடுத்தார், மக்கள் தினசரிக்குப் பிடித்த அதே நேர்கோணத்தில். அவையும் இவையும் ஒரே ரோலில்தான் இருக்கும். கழுவிக் காய்ந்ததும் அச்சுக்கு ஆகாதவற்றைக் கத்தரித்துத் தனியே ஒளித்துவைப்பார். ஆபத்து நெருங்கியதும் வீட்டு மரத்தரையை ரம்பத்தால் அறுத்து, ஆயிரக்கணக்கான நெகடிவ்களை உள்ளே போட்டு மூடினார். அவை நூலாக 2003-இல் மேற்கில் வந்தன. சீன மொழிப் பதிப்பு 2018-இல், அதுவும் ஹாங்காங்கில். 2020-இல் அவர் நியூயார்க்கில் இறந்தார்.