குரங்கின் அன்பும் பூனையின் தவமும்

மக்களுள்ளத்து அறவுணர்வு விலங்கினத்தினின்றும் படிப்படியாய் வளர்ந்ததென்னும் மேனாட்டார் கொள்கைக்குச் சைவ நன்மக்கள் சிலர் கூறும் மறுப்புகள் எம் செவிக்கு எட்டின. அவற்றுட் பல நகையாய் முடிகின்றனவேயன்றி மறுப்பாய் முடிந்தில. அருணந்தி சிவாசாரியர், உலோகாயதனை மறுக்கப் புகுமுன் அவன் கொள்கையை அவனே கூறுமாறுபோல விரித்த முறைமை சித்தியார் பரபக்கத்துள் உளதன்றோ? அதுவே ஈண்டும் கொள்ளற்பாலது. (இக்கொள்கையைப் பரிணாமவாதம் என்பாரும் உளர். அப்பெயர் நம் நூல்களில் வேறொரு மதத்துக்கு உரியதாதலின், கூர்தற்கொள்கை என்றே வழங்குதும்.)

எமது சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே மாமல்லபுரத்தில், பெண்குரங்கு குட்டிக்குப் பாலூட்ட, ஆண்குரங்கு அதன் மயிரிற் பேன் பார்க்கும் சிற்பமொன்று உளது. சார்லஸ் டார்வின் 1871-ஆம் ஆண்டு வெளியிட்ட மக்கட்பிறப்பு நூலின் கருத்தும் அக்கல்லிற் காண்பதே. கூடி வாழும் விலங்கினிடத்து இத்தகைய அன்பு உண்டு. அதனோடு அறிவும் நினைவும் மிகுமாயின் மனச்சான்று பிறக்கும் என்பர் அவர். பின்னர் 1964-இல் ஹாமில்டன் கிளைஞர்க்கு உதவுதலையும், 1971-இல் டிரைவர்ஸ் கைம்மாறு நோக்கிய உதவியையும் இயற்கைத் தேர்வினால் விளக்கினர்.

இதற்குச் சைவர் அஞ்சுவதென்னை? குரங்கும் பசுவே, அதன்பால் அன்பு தோன்றுதல் நமக்கு இழுக்கன்று. விலங்குக்கு ஆன்மா இல்லையென்பார்க்கே அஃது இடராம். ஆயின், ‘இதனை மணிவாசகர் முன்னரே மொழிந்தார்’ என்று மார்தட்டுதலும் பிழையே. சிவபுராணம் கூறுவது ஓருயிர் வினைக்கீடாய்ப் பல உடல் எடுத்தலை. டார்வின் கூறுவது உடற்குலம் வழிவழியாய்த் திரிதலை. இரண்டையும் ஒன்றாக்குவார் இரண்டையும் அறியார்.

இனி, கொள்கையின் குறை யாண்டுளது? அம்மாமல்லபுரத்திலேயே, அருச்சுனன் தபசு எனப்படும் பாறையில், முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்திப் பூனையொன்று தவஞ்செய்கின்றது. சூழ எலிகள் நிற்கின்றன. உதவுவார் உள்ளவிடத்து வஞ்சிப்பாரும் தோன்றுவர், அவரைக் கண்டறியும் திறனும் உடன்வளரும் என்று டிரைவர்ஸ் கூறினர். நன்று. கண்டறியப்படாத பூனையை என்னென்பது? எலிகளைத் தின்று குட்டி பல ஈன்று வாழுமாயின், அக்கணக்கில் அது வென்றதேயாம். பொய்த்தவம் என இகழ ஆண்டு இடமில்லை.

‘யாம் தோற்றம் கூறினேம், தகுதி கூறிற்றிலேம்’ எனின், அது நேரிய விடை, அவரோடு எமக்கு வழக்கில்லை. குடத்திற்கு மண் முதல், திரிகை துணை, குயவன் நிமித்தம். திரிகை சுழலும் வகையை அவர்பாற் கற்றற்கு நாணுவதென்னை? திரிகையே குடத்தை வனைந்ததென்பாரோடுதான் வழக்கு. டார்வின் கொள்கைக்கு அரண்செய்த ஹக்ஸ்லியே 1893-இல் ஆக்ஸ்போர்டிற் பேசுங்கால், உலகியற்கையின் போக்கிற்கு எதிராய் நிற்பதே அறத்தின் போக்கு என்றனர். நம்நாட்டுக் கன்மக் கொள்கையையும் அவர் அவ்வுரையிலே ஆராய்ந்துள்ளார்.

அன்றியும், மக்கள் தேனீக்களைப் போன்ற நிலையில் வளர்க்கப்பட்டிருப்பின், மணமாகாத மகளிர் தம் உடன்பிறந்த ஆடவரைக் கொல்லுதலைப் புனிதக் கடமையெனக் கொள்வர் என்று டார்வினே எழுதினர். அவர்தம் மனச்சான்றும் மனச்சான்றே எனின், அச்செயலைக் கொடுமையென நாம் கூறுவது எவ்வளவை கொண்டு? மறுக்கப் புகுந்த நண்பர்கள் அந்நூலைத் திறந்து பார்த்திருப்பின், யாம் பூனையைத் தேடி மாமல்லபுரம் வரை நடந்திருக்க வேண்டுவதில்லை.